கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பகடிவதை: தடுக்கும் முறையும் நடந்தபின் கையாளும் முறையும்

2016 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பெயர்பெற்ற சுவிசேஷக் கல்லூரி ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவரை மூத்த வீரர்கள் விடுதியிலிருந்து தூக்கிச் சென்று, கைகால்களை ஒட்டுநாடாவால் கட்டி, அரைகுறை ஆடையோடு ஒரு திடலில் விட்டுவிட்டுப் போனதாகப் புகார் எழுந்தது. 2017 செப்டம்பரில் ஐந்து வீரர்கள் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. அந்தக் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் ஒழுக்க உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகே உள்ளே நுழைகிறார். ஆகவே, பகடிவதையை (ராகிங்கை) தடுக்க நினைக்கும் கிறிஸ்தவ நிறுவனம் முதலில் செய்யவேண்டியது, "நம்முடைய பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்" என்ற வாக்கியத்தைத் தன் கூட்டங்களிலிருந்து நீக்குவதுதான்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் மாணவர் நலத்துறையினர், விடுதிப் பொறுப்பாளர்கள், பயிற்சியாளர்கள், வளாகப் போதகர்கள், மாணவத் தலைவர்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. மாணவர்களும் பெற்றோர்களும் அறியவேண்டியவை பிற்பகுதியில் வருகின்றன.

எது பகடிவதை

ராகிங் என்றவுடன் மூத்த மாணவர்கள் முதலாண்டு மாணவர்களைப் பொதுவாகச் சீண்டுவதே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஹேசிங் எனப்படுவதோ ஒரு குழுவின் உறுப்பினர் தகுதியோடு கட்டப்பட்டது: குழுவில் சேர்வதற்காகவோ, அதில் நீடிப்பதற்காகவோ ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டியதாக மற்றவர்கள் வைக்கும் இழிவும் அபாயமும் அது. 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான வளாகப் பகடிவதைத் தடுப்புச் சட்டம் இதற்குக் கூட்டாட்சி அளவில் ஒரு வரையறையைத் தருகிறது. அதன் சாரம் இது: மாணவர் அமைப்பு ஒன்றில் சேர்வது, இணைந்திருப்பது, உறுப்பினராக நீடிப்பது ஆகியவற்றின் போக்கில், வேண்டுமென்றோ அறிந்தோ பொறுப்பின்றியோ செய்யப்பட்டு, இயல்பான பங்கேற்பில் இருக்கக்கூடிய நியாயமான அபாயத்தைவிடக் கூடுதலாக உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய செயல் பகடிவதை ஆகும், பாதிக்கப்பட்டவர் தாமே விரும்பிக் கலந்துகொண்டாரா என்பது பொருட்டன்று.

அந்தக் கடைசிப் பகுதியைக் கிறிஸ்தவ வளாகங்கள் இருமுறை படிக்கவேண்டும். "அவன் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டான்", "அவள் முழுமனதோடு பங்கேற்றாள்" என்ற சொற்கள் விசாரணை அறையில் அடிக்கடி எழும். சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு எடை இல்லை. மாணவர் அமைப்பு என்பதற்கும் அந்தச் சட்டம் அகன்ற பொருளையே தருகிறது. இரண்டு மாணவர்களாவது உறுப்பினராக இருந்தால் போதும், பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இருக்கவேண்டிய தேவையில்லை. ஆகவே, "எங்களிடம் சகோதர சங்கங்களே (ஃபிரட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கங்கள்) கிடையாது, சமூகக் கழகங்கள் மட்டுமே உண்டு" என்று சொல்லித் தப்ப முடியாது. விளையாட்டு அணி, பாடகர் குழு, துதி ஆராதனைக் குழு, ஊழியப் பயணக் குழு, விடுதியின் ஒரு தளத்தில் தலைமுறைகளாகத் தொடரும் பெயர்சூட்டும் சடங்கு ஆகிய அனைத்தும் இதற்குள் வரக்கூடியவை.

அடித்தல், மட்டையால் தாக்குதல், வலுக்கட்டாயமாகக் குடிக்க வைத்தல், தூங்கவிடாமை, சிறிய இடத்தில் அடைத்தல், குளிரில் நிறுத்துதல், உடல் தாங்காத பயிற்சி, பாலியல் இழிவு ஆகியவற்றை யாரும் அடையாளம் கண்டுகொள்வர். சமய வளாகத்துக்கே உரிய வடிவங்கள்தாம் கண்ணில் படாமல் நழுவுகின்றன. புதியவர்களைச் சுற்றி உட்காரவைத்து, விளக்கை அணைத்து, ஒவ்வொருவரும் தம் அந்தரங்கப் பாவங்களைச் சொல்லித் தீரவேண்டும் என்று நிர்ப்பந்திக்கும் இரவுக்குச் "சாட்சி நேரம்" என்று பெயரிட்டாலும் அது பகடிவதைதான். மூத்தவர்கள் உண்ணும்போது புதியவர்கள் மட்டும் உபவாசம் இருக்கவேண்டும் என்பதும், கீழ்ப்படிதலைக் கற்பிக்கிறோம் என்று ஒரு பருவம் முழுவதும் எடுபிடி வேலை வாங்குவதும், விசுவாசத்தைச் சோதிக்கிறோம் என்று கண்ணைக் கட்டி நள்ளிரவில் காட்டுப்பாதையில் நடத்திச் செல்வதும் அவ்வாறே. இவற்றைச் செய்பவர்களில் பலர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர் என்பதால் கையாள்வது இன்னும் கடினமாகிறது.

ஒரு நிகழ்ச்சி எல்லை மீறுகிறதா என்று ஐயம் எழும்போது மாணவத் தலைவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. இதே செயலை மூத்தவர்களும் அதே அளவில் செய்கிறார்களா? அந்தப் புதியவரின் தாய் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தால் இது நடக்குமா? "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர், மறுநாள் காலையில் மற்றவர்களுக்குச் சமமான உறுப்பினராகவே இருப்பாரா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமின்றி "ஆம்" என்று பதில் வராவிட்டால், முதல் இரண்டின் பதில்கள் எப்படியிருந்தாலும் அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிடுவது நல்லது.

தடுப்பு: விதிகளில் மாற்றவேண்டியவை

மேற்சொன்ன சட்டம், மாணவர்களுக்கான கூட்டாட்சி நிதியுதவியைப் பெறும் எல்லா உயர்கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் கிளெரி சட்டத்தை (வளாகக் குற்றங்களை வெளிப்படுத்தக் கோரும் சட்டம்) திருத்தியது. எனவே பெரும்பாலான கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் இதற்கு உட்பட்டவை. கூட்டாட்சி நிதியை முற்றிலும் மறுக்கும் மிகச் சில கல்லூரிகளும் தங்கள் மாநிலத்தின் குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கின்றன. பகடிவதை பற்றிய கொள்கை, புகார் தரும் வழி, விசாரணை முறை, வளாகம் தழுவிய தடுப்புப் பயிற்சி ஆகியவற்றை நிறுவனம் எழுத்தில் வெளியிடவேண்டும். பார்வையாளராக நிற்பவர் தலையிடும் திறன், நேர்மையான தலைமைப் பண்பு, பகடிவதையின்றிக் குழு ஒற்றுமையை வளர்க்கும் வழிகள் ஆகியவை அந்தப் பயிற்சியில் இடம்பெறலாம் என்று சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

கொள்கையை எழுதுவது எளிது. அதோடு ஒழுக்க உடன்படிக்கை மோதும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் மது அருந்துவதே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். அணியின் "வரவேற்பு இரவில்" வலுக்கட்டாயமாக மது ஊற்றப்பட்ட பத்தொன்பது வயது மாணவி புகார் தர வந்தால், அவள் முதலில் தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உதவித்தொகை போகுமோ, வீட்டுக்குத் தெரியுமோ, ஊழியக் குழுவிலிருந்து நீக்குவார்களோ என்று அஞ்சுகிறாள். கடுமையான உடன்படிக்கை இவ்வாறு வதைப்பவரின் கையில் ஒரு பூட்டாகிவிடுகிறது. ஆகவே, பகடிவதையைப் பற்றிப் புகார் தருபவர், சாட்சி சொல்பவர், மருத்துவ உதவிக்கு அழைப்பவர், அந்த உதவியைப் பெறுபவர் ஆகிய நால்வர் மீதும், அந்நிகழ்வில் வெளிப்படும் மது, விடுதி ஊரடங்கு நேரம், எதிர்ப்பாலர் விடுதிக்குச் செல்லுதல் போன்ற உடன்படிக்கை மீறல்களுக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது என்று கொள்கையில் நேரடியாக எழுதுங்கள். "சூழ்நிலையைப் பொறுத்துக் கருணை காட்டப்படலாம்" என்ற வாசகத்தை நம்பி எந்த மாணவரும் நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கமாட்டார். இந்தப் பத்தியை நிர்வாகக் குழு ஏற்க மறுத்தால் மற்றப் பயிற்சிகளால் பெரிய பயன் விளையாது என்பது என் கருத்து.

அடுத்தது புகாரைப் பெறுபவர் யார் என்பது. பயிற்சியாளர், விடுதி உதவியாளர், கழக ஆலோசகர் போன்றோர் கிளெரி சட்டப்படித் தகவலை மேலே தெரிவிக்கும் கடமை உள்ளவர்கள். போதகராக ஆற்றுப்படுத்தும் பணியில் இருப்பவருக்கும், தொழில்முறை உளவள ஆலோசகருக்கும் அப்பணியில் இருக்கும்போது அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கிறிஸ்தவ வளாகங்களில் ஒரே மனிதர் மூன்று தொப்பிகளை அணிந்திருப்பார்: காலையில் வளாகப் போதகர், மாலையில் ஊழியக் கழகத்தின் ஆலோசகர், வாரக் கடைசியில் அணியோடு பயணம் செய்பவர். தம்மிடம் சொல்லப்படுவது எப்போது இரகசியமாகக் காக்கப்படும், எப்போது மேலே தெரிவிக்கப்படும் என்பதை மாணவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொல்லியாகவேண்டும். போதகர் அலுவலகத்தையும் விளையாட்டுத் துறையையும் சாராத இருவரையேனும், அவர்களில் ஒருவர் பெண்ணாக, புகார் பெறுவதற்கென்று நியமிப்பது நல்லது. பெயர் சொல்லாமல் தெரிவிக்கும் வழியும் இருக்கவேண்டும்.

தடுப்பு: ஆண்டு நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு

பகடிவதை ஆண்டு முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. பருவம் தொடங்குமுன் நடக்கும் அணிப் பயிற்சி முகாம், வகுப்புகள் தொடங்கும் முதல் வாரங்கள், கழகங்கள் புதிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் நாட்கள், வெளியூர்ப் போட்டிக்கான பேருந்துப் பயணம், வளாகத்துக்கு வெளியே மூத்தவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீடுகளின் வாரக் கடைசி ஆகியவையே அபாய நேரங்கள். அந்த நாட்களில் பயிற்சியாளரும் ஆலோசகரும் எங்கே இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முக்கியமாக, பயிற்சி முடிந்தபின் உடைமாற்றும் அறையில் பெரியவர் யாரும் இல்லாத நிமிடங்களைக் குறைக்கவேண்டும்.

மாணவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தும்போது "உங்களைப் பகடிவதை செய்தார்களா?" என்று கேட்காதீர்கள். மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 கல்லூரிகளைச் சேர்ந்த 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், கழகங்களிலும் அணிகளிலும் இருந்த மாணவர்களில் 55 விழுக்காட்டினர் பகடிவதைக்குரிய செயல்களை அனுபவித்திருந்தனர். அப்படி அனுபவித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தங்களுக்கு நேர்ந்ததை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. அழைத்தவர்களிலும் 95 விழுக்காட்டினர் நிர்வாகத்திடம் சொல்லவில்லை. ஆகவே, "உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்களா?", "மற்றவர்களுக்கு இல்லாத வேலையைச் செய்யச் சொன்னார்களா?", "விரும்பாத ஒன்றைக் குடிக்கவோ உண்ணவோ செய்தார்களா?" என்று செயலைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

சடங்கு வேண்டும் என்ற ஏக்கத்தை வெறுமனே தடை செய்துவிட முடியாது. ஒரு குழுவுக்குள் நுழைகிறோம் என்ற உணர்வு மனிதருக்குத் தேவையான ஒன்று. கிறிஸ்தவ மரபில் அதற்கான திசை யோவான் 13 ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது: ஆசிரியரான இயேசு சீடரின் கால்களைக் கழுவுகிறார், சீடர்கள் தேர்வு எழுதுவதுபோல் அவருடைய கால்களைக் கழுவவில்லை. அந்தத் திசையைப் பின்பற்றி, மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சமைத்துப் பரிமாறும் முதல் விருந்து, புதியவரின் பெட்டிகளை மூத்தவர்கள் தூக்கிச் சென்று அறையை ஒழுங்குபடுத்தும் நாள், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று செய்யும் சேவைப் பணி, புதியவருக்கு அணிச் சின்னத்தை அணிவித்து ஜெபிக்கும் சிறு ஆராதனை என்று பலவற்றை அமைக்கலாம். கால் கழுவும் சடங்கையே கட்டாயமாக்கிவிடாதீர்கள். பிறர் தொடுவதை விரும்பாதவரை வட்டத்தின் நடுவில் உட்காரவைத்தால், பழைய தவறுக்குப் புதிய ஆடை கட்டியதாகிவிடும்.

பார்வையாளராக நிற்பவர்களைப் பற்றி ஒரு குறிப்பு. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரில் படித்த கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், அங்கே "கவிழ்ப்பவர்கள்" என்று பெருமையோடு தங்களை அழைத்துக்கொண்டு புதிய மாணவர்களை இழிவுபடுத்திய கூட்டத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதினார். அவர்களோடு பழகியதையும், சில வேளை அவர்கள் நட்பில் மகிழ்ந்ததையும், அவர்கள் செயல்களை மட்டும் வெறுத்ததையும், அவர்களைப் போல் இல்லையே என்று தமக்குள் வெட்கப்பட்டதையும் ஒளிக்காமல் சொல்கிறார். உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டே வெளியே சிரித்து நிற்கும் அந்த நடுநிலை மாணவரே இன்றும் ஒவ்வொரு அணியிலும் அதிகமாக இருப்பவர். பயிற்சி அவரைக் குறிவைக்கட்டும். வீரவசனம் பேச அவருக்குக் கற்றுத்தர வேண்டாம். "நாளை காலையில் எனக்குத் தேர்வு, இதை இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்று சொல்லி விளக்கைப் போடவும், புதியவரை வெளியே அழைத்துச் செல்லவும், பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் பழக்கினால் போதும்.

நடந்துவிட்டால்: முதல் மணிநேரங்கள்

உயிர் முதலில். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சகோதர சங்க வீடு ஒன்றில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டுப் படிக்கட்டில் விழுந்த திமோத்தி பியாசா என்ற மாணவருக்கு உதவி அழைக்கப்படுமுன் ஏறத்தாழ 12 மணிநேரம் கடந்துவிட்டது, அவர் இறந்துபோனார். குடித்தவர் எழுப்பினாலும் விழிக்காமல் இருந்தாலோ, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சுவிட்டாலோ, இரு மூச்சுகளுக்கு இடையே பத்து விநாடி இடைவெளி இருந்தாலோ, தோல் நீலம் பாய்ந்தாலோ உடனே 911 ஐ அழையுங்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்பது பொய். குடிப்பதை நிறுத்திய பின்னும் இரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டே போகக்கூடும். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காதவாறு ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை தனியே விடாமல் உடனிருங்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசைகள் வீங்கி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அது தசைச் சிதைவின் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. மனம் உடைந்து தற்கொலை எண்ணம் தெரிவிப்பவருக்கு 988 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும்.

அதன்பின், முதலில் கேட்பவர் குறைவாகப் பேசவேண்டும். "ஏன் மறுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், முழுக் கதையையும் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது விசாரணையாளரின் வேலை. மாணவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, தேதியும் நேரமும் இட்டு எழுதி வைத்து, அன்றே உரிய அலுவலருக்கு அனுப்புங்கள். குழு அரட்டைச் செய்திகள் அழிக்கப்படுமுன் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைக்கவும், காயங்களை ஒளிப்படம் எடுக்கவும், ஆடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கவும் உதவுங்கள். தாக்குதல், அடைத்துவைத்தல், பாலியல் வன்முறை போன்றவற்றில் காவல்துறையை அணுகும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பாலியல் கூறு இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஒன்பதாம் தலைப்புச் சட்டப் (கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) பொறுப்பாளருக்கும் தகவல் போகவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களும் புகார் தந்தவரும் ஒரே விடுதித் தளத்தில் இருந்தால் இடம் மாறவேண்டியவர் புகார் தந்தவர் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுசெய்யாதீர்கள். பழிவாங்கும் செயலுக்குத் தனித் தண்டனை உண்டு என்பதை அணி முழுவதற்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

மத்தேயு 18 ஐத் தவறாகப் பயன்படுத்துவது

மதச்சார்பற்ற பல்கலைக்கழகங்களுக்கு இல்லாத ஒரு சிக்கலுக்கு இங்கே நேரம் செலவிட்டாக வேண்டும். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்ற மத்தேயு 18:15 ஐக் காட்டி, அடிபட்ட மாணவரையே அடித்தவரிடம் அனுப்பிவைப்பதும், சபைக்குள் தீர்த்துக்கொள்வோம் என்று காவல்துறையைத் தவிர்ப்பதும் நடக்கின்றன. அந்த வசனத்துக்கு ஒன்பது வசனங்கள் முன்னே, அதே அதிகாரத்தில், சிறியவர்களில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி ஏந்திரக்கல் உவமையோடு இயேசு பேசுகிறார் என்பதை அப்படிச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பலமும் எண்ணிக்கையும் ஒரு பக்கம் குவிந்திருக்கும் பகடிவதையைச் சமமான இரு சகோதரர்களின் பிணக்காகக் கருதுவது அதிகாரத்தைப் பாதியில் வாசிப்பதாகும்.

எனவே நடைமுறையில் இரண்டு பாதைகளையும் பிரித்துவிடுங்கள். விசாரணை செய்பவர் ஜெபக் கூட்டம் நடத்தவேண்டாம். ஆறுதல் கூறும் போதகர் சாட்சியங்களை எடைபோட வேண்டாம். விசாரணை முடியும்வரை ஒப்புரவுக் கூட்டம் எதையும் கூட்டாதீர்கள்; முடிந்தபின்னும் பாதிக்கப்பட்டவரே கேட்டால் மட்டும், அவர் தெரிந்தெடுக்கும் துணையோடு நடத்துங்கள். "நீ மன்னித்துவிட்டாயா?" என்ற கேள்வியை எந்த அலுவலரும் அவரிடம் கேட்கக் கூடாது. அவர் ஒருவேளை மன்னித்துவிட்டாலும் ஒழுங்கு நடவடிக்கை அதனால் நின்றுவிடாது என்பதையும் கொள்கையில் எழுதிவைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் ஒரு போதகர் வேண்டும். ஆனால் அவர் வேறொருவராக இருக்கட்டும்.

தண்டனையைப் பொறுத்தவரை, தலைவர் ஒருவரை மட்டும் நீக்கிவிட்டு அமைப்பை அப்படியே விடுவதும், அமைப்பைக் கலைத்துவிட்டுத் தனிநபர்களை மறப்பதும் பயன் தருவதில்லை. தனிநபரின் செயல், அமைப்பின் வழக்கம், கண்டும் காணாமல் இருந்த ஆலோசகரின் பொறுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராயவேண்டும்.

மாணவரும் பெற்றோரும் அறியவேண்டியவை

பதினெட்டு வயது நிறைந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை அவரையே சாரும் என்பதால், பெற்றோர் கேட்டும் பல்கலைக்கழகம் சிலவற்றைச் சொல்ல மறுக்கலாம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசரநிலை அதற்கு விதிவிலக்கு. பிள்ளையே எழுத்துபூர்வமாக ஒப்புதல் தந்தால் தடை நீங்கிவிடும். ஆகவே அதிகாரிகளோடு சண்டையிடுவதற்கு முன் பிள்ளையோடு பேசுவது பலன் தரும். பிள்ளை திடீரென்று எப்போதும் களைப்பாக இருப்பது, கேள்வி கேட்டால் "அது அணி விஷயம்" என்று முடித்துக்கொள்வது, தலைமுடி மழிக்கப்பட்டிருப்பது, விளக்கமற்ற காயங்கள் ஆகியவை கவனிக்கத்தக்க அடையாளங்கள்.

சேர்வதற்கு முன்பே பார்க்கக்கூடிய ஆவணம் ஒன்றும் இப்போது உண்டு. பகடிவதை விதிமீறல் உறுதிசெய்யப்பட்ட அமைப்புகளின் பெயர், நடந்ததன் பொதுவான விவரம், மது அல்லது போதைப்பொருள் சம்பந்தப்பட்டதா என்பது, கண்டறியப்பட்ட முடிவு, விதிக்கப்பட்ட தண்டனை, சம்பவமும் விசாரணையும் நடந்த தேதிகள் ஆகியவற்றைக் கொண்ட வெளிப்படைத்தன்மை அறிக்கையைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டு, ஆண்டுக்கு இருமுறையேனும் புதுப்பிக்கவேண்டும். மாணவர்களின் பெயர்கள் அதில் இருக்காது. முதல் அறிக்கைக்கான கெடு 2025 டிசம்பர் 23. பகடிவதைச் சம்பவங்களின் எண்ணிக்கை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் 2026 அக்டோபர் முதல் இடம்பெற வேண்டும். அறிக்கையில் ஒன்றுமே இல்லை என்றால் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல், சேர்க்கை அலுவலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டில் எத்தனை புகார்கள் வந்தன, அவற்றை யார் விசாரித்தார்கள்?